இறங்கும் கழுகு: மெக்ஸிகோ நகரில் ஒரு மன்னரின் சிலை

மெக்ஸிகோ நாட்டுக்குச் சென்று திரும்பியது பற்றி நம் சங்க இதழுக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று அன்பர்கள் பல மாதங்களாக வற்புறுத்தி வருகிறார்கள். பார்சல் ஆபீஸில் ரசீது எழுதிப் பழகிய கைக்குப் பிரயாணக் கட்டுரை எளிதில் வசப்படுவதில்லை. மேலும், அந்நாட்டில் கண்டதையெல்லாம் எழுதப் புகுந்தால் இதழின் எல்லாப் பக்கங்களும் போதா. எனவே ஒரே ஒரு சிலையை மட்டும் எடுத்துக் கொண்டு, அதைக் காணச் சென்ற ஒரு நாளைப் பற்றிச் சொல்லி முடிக்கலாம் என்று கருதுகிறோம்.

நாங்கள் அங்கே போக நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம். எங்கள் இல்லத்தரசியின் தம்பி பத்தாண்டுகளாக மெக்ஸிகோ நகரில் கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கிறார். 2024ஆம் ஆண்டில் அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பின் ஒத்தாசைக்கு அக்காள் வந்து இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். எங்கள் மூவருக்கும் விமானச் செலவை அவரே ஏற்றுக் கொண்டார். ரயில்வே பாஸ் கடல் கடந்து செல்லாது அல்லவா! இலாகாவின் அனுமதியும் விசாவும் பெற்று, சேர்ந்து கிடந்த லீவை எடுத்துக் கொண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அந்நகரை அடைந்தோம்.

மைத்துனரின் மூத்த மகனுக்கு வயது ஒன்பது. அங்கேயே வளர்ந்தவன். ஸ்பானிய மொழியை மழைபோல் பொழிகிறான். தமிழில் சொன்னால் புரிந்து கொள்கிறான். பதில் மட்டும் ஸ்பானிய மொழியில் வரும். எங்கள் மகளுக்கு வயது பதினொன்று. நாகபுரியில் பிறந்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பதில் எந்த மொழியில் வரும் என்பதை, இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழந்தைகள் இருவரும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக் கொண்டார்கள்.

ஆகஸ்டு 11ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இல்லத்தரசி பச்சிளங் குழந்தையையும் தாயையும் பார்த்துக் கொண்டு வீட்டில் இருந்துவிட, மைத்துனரும் நாங்களும் குழந்தைகள் இருவருமாக நால்வர் புறப்பட்டோம். “அத்தான், உங்களுக்கு ரயில்தானே பிடிக்கும்? காரை எடுக்க வேண்டாம்” என்றார் மைத்துனர். நகரின் தென்பகுதியில் உள்ள தாஸ்கேன்யா நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினோம்.

ரயில்வேக்காரனுக்கு அந்த மெட்ரோவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வராது. அது 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் தொடங்கப் பெற்றது. பெரும்பாலான தடங்களில் வண்டிகள் ரப்பர் டயர்களில் ஓடுகின்றன. கட்டணம் ஐந்து பெஸோ; எத்தனை நிலையம் சென்றாலும் அவ்வளவுதான். எல்லாவற்றினும் எங்களைக் கவர்ந்தது, ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு சித்திரச் சின்னமும் வைத்திருக்கிறார்கள் என்பது. எழுத்தறியாத மனிதரும் படத்தைப் பார்த்து இறங்கிவிடலாம். ஒரு நிலையத்தின் சின்னம் கழுகின் தலை. அந்நிலையத்தின் பெயர் குவாவ்தேமோக். நாங்கள் காணப் புறப்பட்ட மன்னரின் பெயரும் அதுவே.

வழியில் பீனோ சுவாரெஸ் என்னும் சந்திப்பு நிலையத்தில் இறங்கினோம். ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்குச் செல்லும் நடைபாதையின் நடுவே, திறந்த முற்றத்தில், வட்ட வடிவமான கல்மேடை ஒன்று இருக்கிறது. அது காற்றுத் தெய்வமாகிய ஏஹேகாட்லின் பழைய கோயில். 1967ஆம் ஆண்டில் மெட்ரோவுக்காக மண் தோண்டுகையில் வெளிப்பட்டதாம். அகற்றாமல் அப்படியே நிறுத்தி, அதைச் சுற்றி நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள். அந்நிலையத்தின் சின்னமும் அக்கோயிலே. பிரயாணிகள் அதைத் திரும்பியும் பாராமல் விரைகிறார்கள். நாங்கள் மட்டும் வாய் பிளந்து நின்றோம்.

அந்நிலையத்துக்கு அருகிலேயே ஹேசுஸ் ஆஸ்பத்திரியும் அதனைச் சேர்ந்த மாதா கோயிலும் உள்ளன. மெக்ஸிகோவை வென்ற ஸ்பானியத் தளபதி ஹெர்னான் கோர்த்தேஸின் எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன. விடுதலைக்குப் பின் 1823ஆம் ஆண்டில், ஜனங்கள் அவற்றை எடுத்து எரித்துவிடுவார்கள் என்று அஞ்சி ஒளித்து வைத்தார்கள். 1946ஆம் ஆண்டிலேதான் மீண்டும் கண்டெடுத்தார்கள். பலிபீடத்துக்கு அருகே சுவரில் ஒரு சிறு தகடு. அதில் பெயரும், 1485, 1547 என்னும் இரண்டு ஆண்டுகளும். வேறு அலங்காரம் எதுவும் இல்லை. ஒரு சாம்ராஜ்யத்தை வென்றவனுக்கு அவன் வென்ற நகரத்தில் கிடைத்திருப்பது அவ்வளவே.

மீண்டும் வண்டி ஏறி ஹிடால்கோ நிலையத்தில் இறங்கி, ரெபோர்மா என்னும் ராஜபாட்டையில் நடந்தோம். 1860களில் மாக்ஸிமிலியான் என்னும் ஐரோப்பியச் சக்கரவர்த்தி போட்ட சாலை அது. ஞாயிறு காலைகளில் அதில் மோட்டார்களை நிறுத்திவிட்டு, சைக்கிள்களுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். தாய் தந்தையர் குழந்தைகளோடு சைக்கிள் மிதித்துச் செல்லும் காட்சி கண்ணுக்கு விருந்து.

சிறிது தூரத்தில் ஒரு வட்டச் சந்தி. 1877ஆம் ஆண்டு முதல் அங்கே கொலம்பஸின் சிலை இருந்தது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். பின்னர்ப் பெண்கள் இயக்கத்தினர் அவ்விடத்தில் தங்கள் சின்னம் ஒன்றை நாட்டினார்கள். 2023ஆம் ஆண்டில் அரசாங்கம், வேராக்ரூஸ் மாகாணத்தில் வயலில் கிடைத்த பழங்காலப் பெண் சிலை ஒன்றின் பிரதியை அதற்கு அருகே நிறுத்தியது. ஆக, சிலைகளுக்கும் இடமாற்ற உத்தரவு உண்டு போலும். அடுத்த பெரிய சந்தியில், இன்ஸுர்ஹென்டெஸ் பெருவழி குறுக்கிடும் இடத்தில், அவ்விதம் அகற்றப்படாத சிலை ஒன்று நிற்கிறது. போக்குவரத்தின் பொருட்டுச் சற்று நகர்த்தியதுண்டு. ஆனால் வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை.

அதுவே குவாவ்தேமோக் மன்னரின் நினைவுச் சின்னம்.

உயரமான பீடம். அதன்மேல் வெண்கல வடிவில் மன்னர், தலையில் இறகு முடி தரித்து, வலக்கையில் ஈட்டியை ஓங்கி, எறியப் போகும் கணத்தில் நிற்கிறார். பீடத்தைப் பார்த்தால் ஒரே இனத்தாரின் வேலைப்பாடாகத் தோன்றவில்லை. மித்லா, துலா, உஷ்மால், பலென்கே ஆகிய வெவ்வேறு பழம்பதிகளின் கட்டடக் கூறுகளைச் சேர்த்து ஹிமேனெஸ் என்னும் பொறியாளர் வகுத்த அமைப்பு அது. சிலையைச் செய்தவர் மிகேல் நோரேன்யா. படிகளின் ஓரங்களில் சிறுத்தைகள் காவல் இருக்கின்றன. நான்கு புறமும் நான்கு பெயர்கள்: குயிட்லாவாக், காகாமா, டெட்லெபான்கெட்சால், கோவானாகோச். அக்காலத்தில் ஸ்பானியரை எதிர்த்த தலைவர்கள் அவர்கள். கோர்த்தேஸை நகருக்குள் வரவேற்ற மன்னர் மொக்டெஸுமாவின் பெயர் அந்நான்கில் இல்லை. “இடம் இல்லையா, மனம் இல்லையா?” என்று மைத்துனரைக் கேட்டோம். அவர் சிரித்தாரேயன்றிப் பதில் சொல்லவில்லை.

இம்மன்னரின் வரலாற்றை அறியாதவர்க்குச் சிலை வெறும் வெண்கலமே. ஆதலால் சுருக்கமாகச் சொல்கிறோம். இன்றைய மெக்ஸிகோ நகரம் இருக்கும் இடத்தில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஏரி இருந்தது. ஏரியின் நடுவே டெனோச்டிட்லான் என்னும் தீவு நகரம். கரையிலிருந்து நீண்ட அணைச் சாலைகள். குடிநீருக்குச் சபுல்டெபெக் குன்றிலிருந்து கால்வாய். 1519ஆம் ஆண்டு நவம்பரில் கோர்த்தேஸ் அந்நகருள் நுழைந்தான். மொக்டெஸுமா அவன் கையில் சிறைப்பட்டு, 1520ஆம் ஆண்டில் மாண்டார். அதன்பின் வந்த குயிட்லாவாக் ஏறத்தாழ எண்பது நாட்களே ஆண்டார். ஸ்பானியரோடு வந்த பெரியம்மை அவரைக் கொண்டு போயிற்று. அவருக்குப் பின் அரசேற்றவர் குவாவ்தேமோக். இருபது வயதைத் தாண்டிய இளைஞர். ‘இறங்கிய கழுகு’ என்பது அப்பெயரின் பொருள்.

1521ஆம் ஆண்டு மே மாதத்தில் முற்றுகை தொடங்கியது. கோர்த்தேஸ் குடிநீர்க் கால்வாயை அறுத்தான். பதின்மூன்று கப்பல்கள் கட்டி ஏரியில் மிதக்கவிட்டான். ஒரு சில நூறு ஸ்பானியர் பெரும் பேரரசை வென்றார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது பாதி உண்மை. ஆஸ்டெக் அரசுக்குக் கப்பம் கட்டியோ, பலிக்கு ஆட்களைப் பறிகொடுத்தோ மனம் கசந்திருந்த அக்கம்பக்கத்து மக்கள் பல்லாயிரக்கணக்கில் கோர்த்தேஸின் பக்கம் நின்றார்கள். அவர்களில் முதன்மையானவர்கள் ட்லாஸ்கலா நாட்டார். வீரத்தைப் போற்றும்போது இதையும் மறைக்கலாகாது. பசியிலும் தாகத்திலும் நோயிலும் நகரம் இரண்டரை மாதம் தாங்கியது. ஆகஸ்டு 13ஆம் நாள், ஏரியில் தோணி ஏறிச் சென்ற மன்னர் பிடிபட்டார். கோர்த்தேஸின் முன்னே கொண்டு வந்தபோது, “காக்க வேண்டிய கடமையைச் செய்துவிட்டேன், இனி உன் இடையில் உள்ள கத்தியால் என்னைக் கொன்றுவிடு” என்னும் கருத்துப்பட அவர் கேட்டார் என்று ஸ்பானியரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காட்சி பீடத்தில் வெண்கலப் புடைப்புச் சித்திரமாக இருக்கிறது. மற்றொரு பக்கத்துச் சித்திரத்தைக் காப்ரியேல் கெர்ரா என்பவர் செய்தார். அதன் முன்னேதான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். ஒளித்த பொன் எங்கே என்று கேட்டு, மன்னரின் பாதங்களை நெருப்பில் சுடுகிறார்கள். பக்கத்தில் அதே வேதனையில் துடிப்பவர் தகூபா அரசர் டெட்லெபான்கெட்சால். அவர் நோவு பொறாமல் மன்னரை நோக்கியபோது, “நான் மட்டும் சுகமாகக் குளித்துக் கொண்டா இருக்கிறேன்?” என்ற பொருளில் குவாவ்தேமோக் விடையிறுத்ததாக ஒரு பழைய ஸ்பானிய வரலாற்றாசிரியர் எழுதினார். பிற்காலத்தார் அந்தக் குளியலை ரோஜா மலர்ப் படுக்கையாக மாற்றிக் கொண்டார்கள். மெக்ஸிகோவில் பள்ளிக் குழந்தைகளும் அறிந்தது இந்த ரோஜாப் படுக்கைதான். எங்கள் மகள் அச்சித்திரத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டாள். “கால் வெந்த பிறகு அவர் நடந்தாரா?” என்று மட்டும் கேட்டாள். நடத்தினார்கள். 1525ஆம் ஆண்டில் கோர்த்தேஸ் ஹோண்டுராஸ் நோக்கிப் படை நடத்தியபோது, விட்டுச் சென்றால் கலகம் மூளும் என்று அவரையும் உடன் கொண்டு சென்று, வழியில் சதிக் குற்றம் சாட்டித் தூக்கிலிட்டான். தகூபா அரசருக்கும் அதே கதி.

இனி, சிலை எழுந்த கதை. 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் இதைத் திறந்தபோது ஜனாதிபதியாக இருந்தவர் போர்பீரியோ தியாஸ். ஸ்பானிய ஆட்சி நீங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றிருந்தது. புதிய நாட்டுக்குப் பழைய வீரர் ஒருவர் தேவைப்பட்டார். நல்லதே. ஆனால் சிலையைச் சற்று உற்றுப் பாருங்கள்: தோளில் புரளும் போர்வை ரோமாபுரிச் சேனாபதி அணிவதைப் போன்றே இருக்கிறது. முகமும் நிற்கும் தோரணையும் ஐரோப்பியச் சிற்பக் கூடத்தில் பழகியவை. அது மட்டுமன்று. அதே தியாஸின் ஆட்சியில்தான் வடக்கே யாக்கி என்னும் பூர்வகுடியினரின் நிலங்கள் பறிக்கப்பட்டன. எதிர்த்தவர்களைக் குடும்பம் குடும்பமாக யூகட்டானின் கற்றாழைத் தோட்டங்களுக்கு நாடு கடத்தினார்கள். மாண்டு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான பூர்வகுடிக்கு வெண்கலத்தில் மரியாதை செய்த கைகளே, உயிரோடிருந்த பூர்வகுடிகளுக்கு இதைச் செய்தன. பீடத்தில் இதற்குப் புடைப்புச் சித்திரம் இல்லை.

மன்னரின் பெயர் மட்டும் எங்கும் பரவிவிட்டது. நகரின் மையப் பகுதியே குவாவ்தேமோக் என்று வழங்குகிறது. அப்பெயரில் அரசியல் தலைவர் உண்டு, கால்பந்து வீரர் உண்டு, பீர் ஆலையும் உண்டு. 1922ஆம் ஆண்டில் பிரேசிலின் சுதந்திர நூற்றாண்டுக்கு மெக்ஸிகோ அனுப்பிய பரிசு இச்சிலையின் பிரதியே; ரியோ நகரக் கடற்கரையில் நிற்கிறது. கடற்படையின் பயிற்சிப் பாய்மரக் கப்பலுக்கும் இதே பெயர். 1982ஆம் ஆண்டில் அக்கப்பலைக் கட்டித் தந்த இடம் எது தெரியுமா? ஸ்பெயின் தேசத்துப் பில்பாவோ!

வெயில் ஏறிவிட்டது. குழந்தைகளுக்குப் பசி. சாலையோரத்தில் ஒரு மூதாட்டி கரி அடுப்பில் இரும்புத் தட்டு வைத்துத் ‘ட்லகோயோ’ சுட்டுக் கொண்டிருந்தார். நீலச் சோள மாவில் அவரைப் பருப்பைப் பொதிந்து நீளவாட்டில் தட்டி, மேலே சப்பாத்திக் கள்ளியின் தண்டை நறுக்கிப் போடுகிறார்கள். நம் நாட்டில் வேலிக்கு வைக்கும் கள்ளி அங்கே கறிகாய்! மாமிசம் இல்லையென்று உறுதி செய்து கொண்டு நான்கு வாங்கினோம். மிளகாய்ச் சட்னி நம்மூர்க் காரத்துக்குச் சற்றும் இளைத்ததன்று. இளைக்குமா? மிளகாயும் தக்காளியும் அந்த மண்ணிலிருந்து உலகுக்குச் சென்றவையே. நம் பழக்கடைச் சப்போட்டாவின் பெயர்கூட அம்மன்னர் பேசிய நாவாட்டில் மொழிச் சொல்தான். ஸ்பானியர் நாவில் திரிந்து நம்மிடம் வந்தது.

அம்மூதாட்டி நகரின் தென் எல்லையில் உள்ள மில்பா ஆல்தாவிலிருந்து வருபவர். கள்ளி பயிரிடும் மலைச்சாரல் அது. வீட்டில் நாவாட்டில் பேசுவாராம். நாங்கள் தமிழில் பேசிக் கொண்டதைக் கவனித்தவர், பையனை நோக்கி, அது என்ன மொழி என்று கேட்டார். அவன் சொன்னான். “நீ பேசுவாயா?” என்று அடுத்த கேள்வி. பையன் தட்டைப் பார்த்துக் கொண்டே, “கேட்டால் புரியும்” என்றானாம். மைத்துனர் இதை எங்களுக்குச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது.

மூதாட்டி சிரித்தார். அவருடைய பேரர்களும் இதையேதான் சொல்கிறார்களாம். அவர் பள்ளிக்குச் சென்ற காலத்தில் நாவாட்டில் பேசினால் ஆசிரியர் கையில் அடிப்பார். அடிபட வேண்டாம் என்று தம் பிள்ளைகளுக்கு அவர் ஸ்பானிய மொழியையே கற்றுக் கொடுத்தார். இப்பொழுது அடிப்பார் இல்லை. 2003ஆம் ஆண்டில் பூர்வகுடி மொழிகளுக்கெல்லாம் தேசிய மொழி என்னும் உரிமையைச் சட்டம் வழங்கிவிட்டது. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி நாவாட்டில் பேசுவோர் ஏறத்தாழ 16 லட்சத்து 50 ஆயிரம் பேர். பன்னிரண்டரைக் கோடி மக்கள் உள்ள நாட்டில் அது எவ்வளவு? “சட்டம் வந்தபோது என் வீட்டில் பேச ஆள் இல்லை” என்றார் அவர். பிறகு சிலையைக் கரண்டியால் சுட்டிக் காட்டி, “அவருடைய பெயரைச் சொல், பார்க்கலாம்” என்று குழந்தைகளைக் கேட்டார். எங்கள் மகள் தடுமாறினாள். மூதாட்டி மெல்ல, அசை அசையாகச் சொல்லிக் கொடுத்தார். கழுகு என்பதற்கு ஒரு சொல், இறங்கினான் என்பதற்கு ஒரு சொல். இருவரும் மூன்று முறை சொன்னபின்தான் மீதிச் சில்லறையைத் தந்தார்.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: “நம்ம நாக்பூருக்கு ராஜா யாருப்பா?” போன்ஸ்லே என்று சட்டென்று விடை கூறினோம். கூறிய பிறகே நினைவு வந்தது. நாகபுரியை நிறுவியவர் போன்ஸ்லேக்கள் அல்லர். தேவகட்டை ஆண்ட கோண்டு அரசர் பக்த் புலந்த் ஷா. எங்கள் பாட்டனார் ரயில்வேயில் வேலை கிடைத்து வந்து இறங்கிய நாள் முதல் மூன்று தலைமுறையாக அவர் அமைத்த ஊரில் சோறு தின்கிறோம். கோண்டி மொழியில் ஒரு சொல்லேனும் எமக்குத் தெரியாது. நாங்கள் தடுமாறித் திருத்திக் கூறியதை மகள் விடாமல் கேட்டுக் கொண்டாள். சங்கத்து ஞாயிறு வகுப்பின் வருகைப் பதிவேடும் அப்பொழுது நினைவுக்கு வந்தது. அதில் எங்கள் வீட்டுப் பெயருக்கு நேரே உள்ள கட்டங்கள் எப்படி இருக்கும் என்பதை வகுப்பு நடத்தும் அன்பர்கள் அறிவார்கள்.

பிற்பகலில் மழை பிடித்துக் கொண்டது. ஆகஸ்டில் அந்நகரில் மாலை மழை வழக்கமாம். ஸான் அந்தோனியோ அபாத் நிலையத்துக்கு அப்பால் வண்டி பூமிக்கு மேலே ஓடுவதால், ஜன்னல்களில் நீர் வழிந்தது. உட்புறம் ஆவி படிந்தது. பையன் அந்த ஆவியில் விரலால் கழுகு ஒன்று வரைந்தான். மெட்ரோ சின்னத்தில் உள்ளது போலவே வந்திருந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “மாமா, தமிழ்ல எப்படி எழுதறது?” என்றான். நாங்கள் அங்கே இருந்த நாட்களில் அவன் தமிழில் கேட்ட முதல் கேள்வி அது.

“நான் எழுதறேன்” என்று மகள் முந்திக் கொண்டாள். ‘க’ சரியாக வந்தது. அடுத்த எழுத்தில் விரல் நின்றுவிட்டது. ‘லு’ போட்டாள், அழித்தாள், ‘ளு’ போட்டாள், எங்கள் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் பக்கத்துக் கண்ணாடியில் பெரிதாக எழுதிக் காட்டினோம். வண்டி தாஸ்கேன்யாவை அடையும்வரை குழந்தைகள் இருவரும் அந்த ‘ழு’வின் மேலேயே மாறி மாறி விரலை ஓட்டிக் கொண்டிருந்தார்கள்.